போடிமெட்டில் ஒரு கருப்பு பிளக்

(ஒலி எபிசோடில் பேசியதைச் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம் இது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கட்டைவிரல் நீளத்துல இருக்கிற பொருளைப் பத்தினது. ஸ்பார்க் பிளக். பிளக்கைக் கழட்டி நிறத்தைப் பார்த்தே எஞ்சினோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்லிடுவாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது உண்மைதான். ஆனா அந்த நிறத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அது தெரியாம நிறத்தை மட்டும் பார்த்தா என்ன ஆகும்னு எனக்குப் போடி மலையில புரிஞ்சது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போன கூட்டத்துல ஒருத்தன். என் வேலையில பாதி நேரம் லாக் ஃபைல் படிக்கிறதுதான். சர்வர் ஏன் விழுந்துச்சுன்னு அது எழுதி வச்சிட்டுப் போனதை வச்சுக் கண்டுபிடிக்கணும். அதனால பிளக் படிக்கிறது எனக்குச் சுலபமா வரும்னு ஒரு நினைப்பு.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மே மாசம். அப்பாவோட பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கை எடுத்துக்கிட்டு போடிநாயக்கனூர்ல இருந்து மலைக்குக் கிளம்பினேன். முந்தல் சோதனைச்சாவடி தாண்டினா ஏத்தம். 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. போடி சுமார் 350 மீட்டர் உயரத்துல இருக்கு. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல. அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, எல்லாம் ஏலக்காய் எஸ்டேட். ரெண்டு நாள் அங்கேயே எஸ்டேட் ரோட்டுல மெதுவா சுத்தினேன். காலையில குளிருக்குச் சோக் போட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும். பைக் சரியா இழுக்கலை. அடைச்ச மாதிரி ஒரு சத்தம். பிளக்கைக் கழட்டினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

போன்ல ஒரு சார்ட் வச்சிருந்தேன். கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம்னு அதுல போட்டிருந்தது. சரின்னு கார்புரேட்டரைத் திறந்து, ஊசியை ஒரு கட்டம் இறக்கி வச்சேன். பெட்ரோல் குறைஞ்சது. பைக் பறந்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மத்தியானம் கீழே இறங்கினேன். மலை முழுக்க ஆக்சிலேட்டரை மூடிக்கிட்டே வந்தேன். முந்தல் தாண்டி நேர் ரோடு வந்ததும் முக்கால்வாசி திருகினேன். ரெண்டு மூணு கிலோமீட்டர் போயிருப்பேன். எஞ்சின் அப்படியே பிடிச்சுக்கிச்சு. பின் சக்கரம் லாக். பின்னாடி எஸ்டேட் வேலை முடிஞ்சு ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஒரு ஜீப் வந்துக்கிட்டு இருந்தது. டிரைவர் ஒடிச்சுத் திருப்பினதால நான் இன்னைக்கு இந்த எபிசோடு பண்றேன். ஜீப்புல இருந்த அக்காங்க ரெண்டு பேர் இறங்கி வந்து தண்ணி கொடுத்தாங்க. டிரைவர் திட்டினதை இங்கே எழுத முடியாது.

போடியில ஒரு சின்ன ஒர்க்ஷாப். வயசான மெக்கானிக். பிளக்கைக் கழட்டி என் கையில கொடுத்தார். இப்ப அது வெள்ளை. பீங்கான் மேல ஊசி முனை அளவுக்கு வெள்ளிப் புள்ளிகள். "என்ன தம்பி, தெரியுதா?" என்றார். "என்னண்ணே அது?" "உங்க பிஸ்டன்."

பிஸ்டனோட அலுமினியம் உருகிப் பிளக்குல ஒட்டியிருந்தது. நான் என்ன பண்ணினேன்னு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மேல பார்த்த பிளக்கை வச்சுக் கீழ ஏன் தம்பி ஓட்டினீங்க?"

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பிளக் எப்படி எழுதுது?

சிலிண்டருக்குள்ள பெட்ரோல் புகையும் காத்தும் கலந்த கலவையை மின்பொறி வச்சுப் பத்தவைக்கிறது புது யோசனை இல்லை. 1860-லேயே எதியென் லெனுவார் தன்னோட கேஸ் எஞ்சின்ல மின்பொறியைப் பயன்படுத்தினார். ஆனா கார், பைக் வேகத்துக்கு நம்பகமா வேலை செய்யற ஏற்பாடு 1902-ல்தான் வந்தது. ஜெர்மனியில ராபர்ட் பாஷ் கம்பெனியின் இன்ஜினியர் காட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதோட சேர்ந்த பிளக்கையும் உருவாக்கினார்.

பிளக்கோட வேலை பொறி கொடுக்கிறது. ஆனா அது தீ எரியற அறைக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. அதனால அங்கே நடக்கிறதெல்லாம் அதோட பீங்கான் மேல படியுது. எஞ்சினைப் பிரிக்காம உள்ளே இருந்து வெளியே எடுக்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான்.

இதுல வெப்பம்தான் முக்கியம். பிளக்கோட மூக்கு சுமார் 450, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினா, படியற கரியைத் தானே எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். அதுக்குக் கீழே இருந்தா கரி சேர்ந்துக்கிட்டே போகும். 800, 850-க்கு மேல போனா பொறி வர்றதுக்கு முன்னாடியே கலவை பத்திக்கும், அது எஞ்சினுக்கு ஆபத்து. இந்த ரெண்டு எல்லைக்கு நடுவுல பிளக் இருக்கணும்.

மெக்கானிக்குகள் படிக்கிற மொழி சுருக்கமா இதுதான். பிஸ்கட் நிறம்னா நல்லா இருக்கு. காய்ஞ்ச கருப்புன்னா பெட்ரோல் அதிகம், இல்லைன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் மாட்டிக்கிச்சு, பொறி பலவீனம், இல்லை வண்டி மெதுவாவே ஓடியிருக்கு. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில எண்ணெய்ப் பசையோட ஈரக் கருப்புன்னா எஞ்சின் ஆயில் குடிக்குது: பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ஞ்சிருக்கும். வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தா அளவுக்கு மீறின சூடு. வெள்ளிப் புள்ளி இருந்தா, என்னை மாதிரி, செலவு.

கவனிச்சீங்களா, காய்ஞ்ச கருப்புக்கு மட்டுமே அஞ்சு காரணம் சொன்னேன். என் சார்ட் ஒண்ணைத்தான் சொல்லியிருந்தது.

மாடு இழுத்த ரயில்ல இருந்து ஜீப் வரைக்கும்

1902-ன்னு சொன்னேன் இல்லையா? அதே 1902-ல் போடிக்கு மேலே இருக்கிற மலையில என்ன நடந்ததுன்னு பாருங்க. மூணாறு பக்கம் குண்டளை பள்ளத்தாக்குல ஒரு தண்டவாளம் போட்டாங்க. அதுல ஓடின வண்டியை இழுத்தது மாடு. 1908-ல் அது நீராவி எஞ்சின் ஓடற குறுகிய ரயில் பாதையா மாறுச்சு. தேயிலை அந்த ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் வரும். அங்கிருந்து கம்பிவடத்துல தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடி. 1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடிச்சுக்கிட்டுப் போச்சு. மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல்.

அதாவது, மலைக்கும் போடிக்கும் நடுவுல சரக்கும் ஆளும் போய்வர்றது எப்பவுமே ஒரு சிக்கலான வேலை. ஏலக்காயும் அப்படித்தான். விளையறது மேலே, பெரிய வியாபாரம் கீழே. பறிச்ச காயைச் சீக்கிரம் உலர்த்தலைன்னா பச்சை நிறம் போயிடும், விலையும் போயிடும். இன்னைக்கும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலம் நடக்கிற ரெண்டு இடங்கள் போடியும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற புத்தடியும்தான்.

இந்த ஏத்தத்துக்கு ஏத்த வண்டி இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்புறம்தான் வந்தது: ஜீப். 1940-களோட கடைசியில மஹிந்திரா கம்பெனி மும்பையில வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. போர்க்கால வில்லிஸ் ஜீப்புல இருந்தது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். நாலு சிலிண்டர், நாலு பிளக். எஞ்சின் ஹெட்டுக்கு மேலேயே வரிசையா நிக்கும், ஒரு ஸ்பானர் போதும். பிளக்கும் உள்நாட்டுலேயே கிடைக்க ஆரம்பிச்சது. 1951-ல் தொடங்கின மைக்கோ, பெங்களூருல பிளக் தயாரிச்சது. 2008-ல் பாஷ் லிமிடெட்னு பேர் மாறின அதே கம்பெனிதான்.

நாலு பிளக் இருக்கிறதுல ஒரு பெரிய வசதி உண்டு. சாஃப்ட்வேர்ல நாலு சர்வர்ல ஒண்ணு மட்டும் தப்பு காட்டினா, கோளாறு அந்த ஒரு சர்வர்ல. நாலுமே காட்டினா பொதுவான ஏதோ ஒண்ணுல. ஜீப்பும் அப்படியே. நாலும் கருப்பா இருந்தா கார்புரேட்டர், சோக், ஃபில்டரைப் பார்க்கணும். ஒண்ணு மட்டும் எண்ணெய்யா இருந்தா அந்த சிலிண்டரோட ரிங். அடுத்தடுத்த ரெண்டு மட்டும் கெட்டிருந்தா, அதுக்கு நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஒண்ணு மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தா, ரேடியேட்டர் தண்ணி உள்ளே போகுதான்னு பார்க்கணும். எஞ்சினை இறக்காம, ரோட்டோரத்துல பத்து நிமிஷத்துல இவ்வளவும் சொல்லிடலாம். பழுது பார்க்க ஊருக்குத்தான் இறங்கணும்னு இருந்த மலையில இது பெரிய அறிவு.

மலை ஏறினா நிறம் மாறும்

இப்ப என் தப்புக்கு வருவோம். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. போடியில இருந்து சுமார் 1,000 மீட்டர் ஏறினா காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறையும். கார்புரேட்டர் அதுக்கு ஏத்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கணக்குப் போட்டா கலவையில சுமார் 5 சதவீதம் பெட்ரோல் கூடிடும். ஆக, போடியில பிஸ்கட் நிறத்துல இருக்கிற பிளக் பூப்பாறையில கொஞ்சம் கருக்கிறது இயல்பு. எஞ்சினுக்கு வியாதி இல்லை.

அடுத்தது, ஓட்டின விதம். முழு ஆக்சிலேட்டர்ல ஏத்தம் ஏறினா பிளக் நல்லா சூடாகி, தன்னைச் சுத்தம் பண்ணிக்கும். அதே வண்டியை ஆக்சிலேட்டரை மூடிக்கிட்டு இறக்கினா, சூடு குறைஞ்சு கரி படியும். ஒரே பிளக், ஒரே நாள். போடிமெட்டுல கழட்டினா ஒரு பதில், முந்தல்ல கழட்டினா வேற பதில். பழைய படிவு அடியில இருந்தாலும், மேலாகத் தெரியறது பெரும்பாலும் கடைசியா ஓட்டின கொஞ்ச நேரம்தான். எங்க பாஷையில சொன்னா, புது லாக் பழைய லாக் மேலேயே எழுதுது.

என் பிளக் கருப்பா இருந்ததுக்கு மூணு காரணம்: உயரம், குளிருக்குப் போட்ட சோக், ரெண்டு நாள் மெதுவான ஓட்டம். மூணுமே கீழே இறங்கினா தானா சரியாகியிருக்கும். நான் நாலாவதா, நல்லா இருந்த ஊசியைத் திருத்தினேன். கீழே அடர்த்தியான காத்து, மே மாச வெயில். கலவையில பெட்ரோல் பத்தலை. டூ-ஸ்ட்ரோக்ல இன்னொரு விஷயமும் உண்டு. அதுல ஆயில் பெட்ரோலோட சேர்ந்துதான் உள்ளே போகும். மலை முழுக்க ஆக்சிலேட்டரை மூடி இறங்கினா ஆயிலும் குறையும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டறவங்க இறக்கத்துல அப்பப்ப ஒரு திருகு கொடுக்கிறது ஸ்டைலுக்கு இல்லை, பிஸ்டனுக்கு ஆயில் கொடுக்க.

பழுப்பு ஏன் நல்ல நிறம்?

இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது என்னை ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். "பழுப்பு நல்லது" என்ற விதியே ஒரு குறிப்பிட்ட காலத்தைச் சேர்ந்தது.

1921-ல் அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோல்ல ஈயச் சேர்மம் கலந்தா எஞ்சின் தட்டுறது நிக்கும்னு கண்டுபிடிச்சார். ஆனா எரிஞ்ச ஈயம் பிளக்குலயும் வால்வுலயும் படிஞ்சது. அதை வெளியேத்த இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்துக் கலந்தாங்க. அப்பவும் கொஞ்சம் படியத்தான் செஞ்சது. தலைமுறை தலைமுறையா மெக்கானிக்குகள் பார்த்துப் பழகின அந்தப் பழுப்பு, சாம்பல் நிறத்துல ஈயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த ஈயம் பிளக்கோட நிக்கலை. புகையா வெளியே வந்து, ரோட்டோரக் குழந்தைகளோட ரத்தத்துலயும் சேர்ந்தது. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இந்தியாவுல 1995-ல் நாலு பெருநகரங்கள்ல ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதுக்கப்புறம் நல்லா ஓடற எஞ்சின்லயும் பிளக் முன்னைவிட வெளிறித் தெரிய ஆரம்பிச்சது. பழைய கண்ணோட பார்த்தா "பெட்ரோல் பத்தலை"ன்னு தோணும். பழைய பழுப்பு வர்ற வரைக்கும் பெட்ரோலைக் கூட்டினா, வண்டி தேவைக்கு மேல குடிச்சு, கரியைக் கக்கும். நிறம் மாறினது பெட்ரோலால, எஞ்சின் அப்படியேதான் இருக்கு. இன்னைக்கு விஷயம் தெரிஞ்சவங்க பீங்கானோட நுனியைப் பார்க்காம, உள்ளே அடிப்பகுதியில விழற கரி வளையத்தைப் பார்க்கிறாங்க.

படிக்கிறவங்க குறைஞ்ச கதை

1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் போகக்கூடிய மொபெட். பங்க்ல பெட்ரோலோட 2டி ஆயில் கலந்து ஊத்தின காலம். ஆயில் கூடினா பிளக்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல கரி பாலம் கட்டிடும், பொறி வராது. அதனால டூல் பாக்ஸ்ல பிளக் ஸ்பானரும் ஒரு துண்டு உப்புத்தாளும் எப்பவும் இருக்கும். ஓட்டறவங்களுக்கே பிளக் படிக்கத் தெரியும். தெரியலைன்னா வண்டியைத் தள்ளணும்.

ஆனா ஆளுங்களை ஏத்திக்கிட்டு மலை ஏறற ஜீப்புகள் காலப்போக்குல டீசலுக்கு மாறிடுச்சு. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே படிக்க வேண்டியது புகையை: கருப்பா, நீலமா, வெள்ளையா. மொபெட்டும் மாறுச்சு. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக்கா வந்தது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்தப்புறம் புது வண்டிகள்ல கார்புரேட்டரே கிட்டத்தட்ட போயிடுச்சு. இப்ப பெட்ரோல் அளவைக் கணக்குப் போடறது ஒரு சின்ன கம்ப்யூட்டர். காத்தழுத்தத்தை ஒரு சென்சார் சொல்லும், புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனை இன்னொரு சென்சார் சொல்லும். அந்த ஆக்சிஜன் சென்சாரைக் கார்ல முதல்ல கொண்டுவந்தது, 1976-ல், பாஷ். 1902-ல் பிளக்கைக் கொடுத்த அதே கம்பெனி, பிளக்கைப் படிக்கிற வேலைக்கும் ஒரு மாற்று கொடுத்துடுச்சு.

அப்ப இந்த அறிவு முடிஞ்சு போச்சா? இல்லை. மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர், புல் வெட்டற மெஷின், பழைய பைக் எல்லாம் இன்னும் கார்புரேட்டர்லதான் ஓடுது. முதுகுல மாட்டின ஸ்பிரேயர் பாதி நாள்ல நின்னா, அன்னைக்கு வேலை பாதி. இப்ப பெட்ரோலும் மறுபடி மாறியிருக்கு. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ல் அறிமுகமாகி, இப்போ பரவலாயிடுச்சு. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால எதையும் மாத்தாத பழைய கார்புரேட்டர்ல கலவை, சுத்தமான பெட்ரோலோட ஒப்பிட்டா, கிட்டத்தட்ட 8 சதவீதம் மெலிஞ்சு போகும். மலை மேல அந்த 5 சதவீதம் ஓரளவு ஈடு கட்டும். கீழே சமவெளியில ஈடு கட்ட எதுவும் இல்லை. 2000-ல் நடந்த மாதிரியே, சார்ட் மறுபடி பழசாகுது.

உங்க வீட்டுல கார்புரேட்டர் வண்டி இருந்து, பிளக் படிக்கணும்னா இப்படிச் செய்ங்க. எந்த ரோட்டுல அதிகம் ஓட்டறீங்களோ அங்கேயே பாருங்க. எஞ்சின் நல்லா சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத இடத்துல, நீங்க வழக்கமா ஓட்டற வேகத்துல கொஞ்ச தூரம் போங்க. கிளட்ச் பிடிச்சு, எஞ்சினை உடனே ஆஃப் பண்ணி, ஓரமா நிறுத்துங்க. ஐடிலிங்ல விடாதீங்க, அது மேலாக எழுதிடும். ஆறின பிறகு கழட்டுங்க. பார்த்ததும் எதையும் திருகாதீங்க. எந்த உயரம், எந்தப் பெட்ரோல், கடைசியா எப்படி ஓட்டினேன்னு மூணு கேள்வி கேளுங்க. பதில் மூணுக்கும் பிறகும் நிறம் சந்தேகமா இருந்தா, அப்புறம் மெக்கானிக்.

போடி மெக்கானிக் அண்ணன் சிலிண்டரை போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். ஊசியை நான் எடுத்த கட்டத்துலயே திரும்ப வச்சார். "மேல போனா கொஞ்சம் இருமும் தம்பி, இருமட்டும். கீழ வந்தா சரியாயிடும்"னார். அதுக்கப்புறம் மூணு தடவை போடிமெட்டு ஏறிட்டேன். இருமத்தான் செய்யுது. விட்டுடறேன்.